ஹேலோ காம்பாட் எவால்வ்ட், லெஜன்ட்ரி: எலைட் ஷீல்டை உடைக்கிறது எப்படி? ரீச் முதல்லயா, இது முதல்லயா? (கதை முழுக்கப் பேசுறோம், ஆடாதவங்க பாத்து வாங்க)

கிண்டி_கன்னர்

மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன், பிசி. ஹேலோ வீடியோ கேம் தொடரோட முதல் கேம் காம்பாட் எவால்வ்ட், லெஜன்ட்ரி (இருக்கறதுலயே கடினமான நிலை), தனி ஆட்டம். மூணாவது மிஷன் ட்ரூத் அண்ட் ரிகன்சிலியேஷன். கவனன்ட் (ஏலியன் படை) கப்பலுக்குள்ள ஏறினதும் வர்ற பெரிய ஹேங்கர்ல சிக்கல். கூட வர்ற ஏஐ கோர்டானா கதவைத் திறக்கப் பாத்துட்டு இருக்கா, அதுக்குள்ள சுத்தி இருக்கற மத்த கதவெல்லாம் திறந்து அலை அலையா வர்றாங்க. கூட வந்த மெரீன்ஸ் சீக்கிரமே காலி. அசால்ட் ரைஃபிள்ல 60 குண்டையும் ஒரே எலைட் (கவனன்ட்டோட பெரிய வீரன்) மேல இறக்கினாலும் ஷீல்டு மினுக்குதே தவிர ஆள் விழல. ரீலோட் பண்றதுக்குள்ள அவன் ஒதுங்கி நின்னு ஷீல்டை ஏத்திட்டு வந்துடறான்.

ரெண்டு கேள்வி. எந்த ஆயுதம் ரெண்டை வெச்சுக்கணும், எந்த வரிசைல சுடணும்? அடுத்தது, கதைப்படி 2010ல வந்த ஹேலோ ரீச் கேம்தான் முன்னாடி நடக்குது, அதை முடிச்சிட்டு இதுக்கு வரணும்னு சிலர் சொல்றாங்க. அது சரியா?

பெரம்பூர்_பிளாஸ்மா

நண்பா, உங்க குறில தப்பு இல்ல. தோட்டா வகைதான் தப்பு.

எலைட்டுக்கு ரெண்டு அடுக்கு இருக்கு: வெளிய ஷீல்டு, உள்ள உடம்பு. பிளாஸ்மா ஆயுதம் ஷீல்டை வேகமா கரைக்கும், உடம்பு மேல மந்தம். மனுஷங்க துப்பாக்கி நேர் எதிர். அசால்ட் ரைஃபிளோட ஷீல்டு மேல மோதறது, லெஜன்ட்ரில, வேலைக்கே ஆகாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் வரிசைதான்.

கைல ஒண்ணு பிளாஸ்மா பிஸ்டல், எப்பவும். இன்னொண்ணு மேக்னம் (மனுஷங்க கைத்துப்பாக்கி) கிடைச்சா மேக்னம். அது இல்லாத இடத்துல, நீங்க இருக்கற மிஷன் மாதிரி, ஸ்னைப்பர். ட்ரிகரைப் பிடிச்சுக்கிட்டே இருங்க, முனைல பச்சை உருண்டை தேங்கும். விட்டா அது எலைட்டைத் துரத்திட்டுப் போகும், பட்டா ஷீல்டு மொத்தமா போயிடும். உடனே மாத்தி தலைல ஒரு குண்டு. ஷீல்டு இல்லாத எலைட் ஹெட்ஷாட் ஒண்ணுல விழுவான், மேக்னமா இருந்தாலும் ஸ்னைப்பரா இருந்தாலும்.

சொதப்பறது எங்கன்னா தூரத்துல. ரொம்பத் தள்ளி இருந்து விட்டா எலைட் உருண்டையைப் பாத்துட்டு பக்கவாட்டுல பாஞ்சுடுவான், உருண்டை அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள கடந்து போயிடும். ரொம்பக் கிட்ட போனா அவன் பிளாஸ்மா ரைஃபிள் உங்க ஷீல்டை முடிச்சிடும். நடு தூரம் வேணும். அவன் ஒரு பாய்ச்சலை முடிச்சு கால் ஊனற நொடில விடுங்க, அப்ப அடுத்த பாய்ச்சல் வராது. அப்புறம் ஆயுதம் மாத்தறதுலயும் தாமதம் கூடாது. ஷீல்டு போனதும் ஒரு கணம் தடுமாறுவான், அந்தக் கணம்தான் உங்களுது.

ஹேங்கர்ல நடுவுல நிக்காதீங்க. ஒரு கதவோரத்துல முதுகைச் சாச்சு நில்லுங்க, ரெண்டு பக்கத்துல இருந்து மட்டும் குண்டு வர்ற மாதிரி. ஒவ்வொரு அலைலயும் முதல்ல எலைட். அவன் விழுந்தா கூட இருக்கற கிரண்ட் (குட்டை வீரங்க) எல்லாம் கையைத் தூக்கிட்டு ஓடும், அதைச் சாவகாசமா பாத்துக்கலாம். கிரண்டை முதல்ல சுட்டா அந்த நேரத்துல எலைட் பக்கவாட்டுல சுத்தி வந்து நிப்பான்.

செத்த கிரண்ட் போட்டுட்டுப் போற பிளாஸ்மா பிஸ்டலை மிதிச்சுட்டுப் போயிடாதீங்க. பிளாஸ்மா ஆயுதத்துக்கு ரீலோட் கிடையாது, பேட்டரி தீர்ந்தா இரும்புத் துண்டு. கைல இருக்கறதை விட சார்ஜ் கூட இருந்தா மாத்திக்குங்க.

தாம்பரம்_லோக்கல்

ஒவ்வொரு எலைட்டுக்கும் சார்ஜ் போட்டுட்டு இருந்தா ஸ்னைப்பர் குண்டு கப்பல் பாதிலயே தீரும். அதுல ஒரு மேகசின் 4 குண்டுதான். அதனால வேற வழியும் தெரிஞ்சிருக்கணும்.

பிளாஸ்மா ரைஃபிள்: விட்டு விட்டு அடிங்க. பிடிச்சபடியே இருந்தா சூடாகி கை உதறும், அந்த இடைவெளில எலைட் உங்களை முடிச்சிடுவான். சுவர் மூலைல நின்னு, அஞ்சாறு பொட்டு அடிச்சு, உள்ள இழுத்து, ஆற விட்டு, மறுபடி. எலைட் ஷீல்டு ஏற ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்ப வெளிய வரணும், அதுதான் கணக்கு.

கிரனேட் ரெண்டு வகைலயும் 4, 4 எடுத்துக்கலாம். லெஜன்ட்ரில அதைச் சேத்து வைக்கறது வீண். சாதா கிரனேட் தரைல உருளும், எலைட் பாத்துட்டு தாவிடுவான். ஆனா அவன் தாவற திசை உங்களுக்குத் தெரியும், கிரனேட்டுக்கு எதிர்ப் பக்கம். அவனை மறைவுல இருந்து வெளிய கொண்டு வர்றதுக்கே போடலாம். நீல கிரனேட் ஒட்டிக்கிட்டா முடிஞ்சுது, எந்த நிற எலைட்டா இருந்தாலும். இன்னொரு விஷயம், தரைல சிதறிக் கிடக்கற கிரனேட் பக்கத்து வெடிப்புல சேந்து வெடிக்கும். ஒரே இடத்துல நாலு கிரண்டைக் கொன்னுட்டு அது மேலயே நின்னு சண்டை போடாதீங்க.

அதே மிஷன்ல சிறைப் பகுதிக்குப் போனா கண்ணுக்குத் தெரியாத எலைட் வரும். காத்துல அலை மாதிரி நெளியறது மட்டும் தெரியும். பயப்பட வேண்டாம், அவனுக்கு ஷீல்டே இல்ல. சார்ஜை வீணாக்காம நேரா ரைஃபிள்.

கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் ஆடிப் பழகின கைக்கு இந்த கேம் முதல்ல எரிச்சலாத்தான் இருக்கும். அங்க முதல்ல பாத்தவன் ஜெயிப்பான். இங்க ஒரு ஆளை வீழ்த்த மூணு முடிவு எடுக்கணும்: எதால ஷீல்டு, எதால உடம்பு, நடுவுல எங்க ஒதுங்கறது. பிளாஸ்மா படும்போது உங்க நடை வேகமும் குறையும், அதனால திறந்த வெளில ஓடித் தப்பிக்கற எண்ணமே வேணாம்.

பெரம்பூர்_பிளாஸ்மா

தாம்பரம் சொன்னதோட ஹன்டரையும் சேத்துக்கறேன். எப்பவும் ஜோடியாத்தான் வருவான். பாக்க மலை மாதிரி இருந்தாலும் முதுகுல ஆரஞ்சு நிறச் சதை திறந்து கிடக்கும். அங்க மேக்னம் குண்டு ஒண்ணு போதும், லெஜன்ட்ரிலயும் ஒண்ணுதான். கிட்டப் போங்க, கையை வீசுவான், வீசற பக்கத்துக்கு எதிரா சுத்தி முதுகுக்குப் போங்க. தூரத்துல நின்னு முன்பக்கம் சுட்டுட்டு இருந்தா குண்டு தீர்ற வரைக்கும் நிப்பான்.

ஜாக்கல் வட்டக் கேடயத்தோட வரும்ல, அந்தக் கேடயத்துல ஒரு வெட்டு இருக்கும், கை தெரியும். கைல ஒண்ணு, அது நிலை குலையும்போது தலைல ஒண்ணு. முடியலைன்னா பின்னாடி ஒரு கிரனேட்.

மயிலை_மாடத்தெரு

ஆயுதக் கணக்கை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கு கதைக்குள் எப்படிப் பின்னியிருக்கிறது என்பதை நான் சேர்க்கிறேன். இரண்டாவது கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

எலைட் செத்ததும் கிரண்ட் அலறிக்கொண்டு ஓடுவது வெறும் வேடிக்கைக்காக வைத்ததல்ல. கவனன்ட் என்பது மேல் கீழ் என அடுக்கப்பட்ட படை, மேலே உள்ளவன் போனால் கீழே உள்ளவனுக்குத் துணிவு கிடையாது. இதை எந்தக் காட்சியும் வாயால் சொல்வதில்லை. சுட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். 2002 ஜிடிசி (கேம் உருவாக்குபவர்கள்) மாநாட்டில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய பன்ஜீ நிறுவனத்தின் ஜேமி கிரீஸ்மரும் கிறிஸ் புட்சரும் இந்த எதிரிகளை வடிவமைத்த விதத்தைப் பேசினார்கள். சோதனை ஆட்டங்களில் எதிரியின் மூளையைத் தொடாமல் தாங்கும் சக்தியை மட்டும் கூட்டியபோது, ஆடியவர்கள் ‘இப்போது எதிரி புத்திசாலி ஆகிவிட்டான்’ என்று சொன்னார்களாம். காரணம் எளிது. ஒரு நொடியில் சாகிற எதிரி ஒதுங்குவதையும் தாவுவதையும் நாம் பார்ப்பதற்கு வாய்ப்பே இல்லை. லெஜன்ட்ரியின் தடித்த ஷீல்டு நம்மை வதைக்க மட்டும் வந்ததல்ல, எலைட் யோசிப்பதைப் பார்க்கக் கிடைக்கும் நேரமும் அதுதான்.

இப்படி ஐந்து மிஷன் முழுக்க ஒரு பாடம் நடக்கிறது: தலைவனை முதலில் அடி, ஷீல்டுக்குப் பிளாஸ்மா, தலைக்கு மேக்னம், மறைவில் நின்று மூச்சு வாங்கு. ஆறாவது மிஷன் 343 கில்ட்டி ஸ்பார்க்கில் சதுப்பு நிலத்தில் இறங்குகிறோம். நம் கப்பலின் கேப்டன் கீஸின் குழுவைக் காணவில்லை. ஜென்கின்ஸ் என்ற வீரனின் ஹெல்மெட் பதிவு கிடைக்கிறது. அதைப் பார்த்து முடிக்கும்போது ஃப்ளட் என்ற ஒட்டுண்ணிக் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது.

அந்த அறையில் என்னென்ன செல்லாமல் போகிறது என்று பாருங்கள். ஃப்ளட் வீரனுக்கு ஹெட்ஷாட் கிடையாது. ஸ்னைப்பர் குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும், அவன் நிற்கமாட்டான். தலைவன் என்று ஒருவன் இல்லாததால் யாரைக் கொன்றாலும் மற்றவை ஓடுவதில்லை. மறைவில் நின்றால் மறைவுக்கே ஓடி வருகின்றன. விழுந்தவையும் சில சமயம் எழுந்துவிடுகின்றன. கதை திரும்புகிற அதே நிமிடம் கையில் இருந்த உத்திகள் அத்தனையும் செல்லாக்காசு ஆகின்றன. ராணுவக் கதை சொல்லும் எத்தனையோ ஷூட்டர்களில் எதிரி மாறும்போது உருவம் மட்டும் மாறும், துப்பாக்கி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். 2001ல் வந்த இந்த ஆட்டம் அந்த வகையில் இன்னும் முன்னே நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே இதைத்தான் முதலில் ஆட வேண்டும்.

கொளத்தூர்_நோபிள்

அக்கா சொன்ன ஃப்ளட் பாயின்ட் முழுக்க ஏத்துக்கறேன். ஆனா அது ரீச் முதல்ல ஆடக்கூடாதுன்னு சொல்ற காரணம் ஆகாது. ரீச்ல ஃப்ளட்டே கிடையாது, அதனால அந்த அதிர்ச்சி கெடாது.

கதையைப் பாருங்க. 2552 ஜூலை 24, ரீச் கிரகத்துல விஸெக்ராட் ரிலே தொடர்பு அறுந்து போச்சுன்னு நோபிள் டீம் (ஜார்ஜ், கேட், கார்ட்டர், எமீல், ஜூன், நாம ஆடற சிக்ஸ்னு ஆறு பேர் சிறப்புப் படை) போகுது. கிளர்ச்சிக்காரங்கன்னு நினைச்சுப் போனா கவனன்ட். அங்க இருந்து ஆகஸ்ட் 30 வரைக்கும் ஒரு கிரகம் துண்டு துண்டா போறதைப் பாக்கறோம். ஜார்ஜ் சூப்பர்கேரியர்ல குண்டைக் கையால வெடிக்க வெச்சு போறார். அந்த வெற்றிக்கு மூச்சு விடறதுக்குள்ள பெரிய படையே வந்து இறங்குது. கேட் ஒரு நொடில, ஒரு ஸ்னைப்பர் ஊசில. கார்ட்டர் பெலிக்கன் விமானத்தோட ஸ்கேராப் (கவனன்ட்டோட ராட்சத நடை இயந்திரம்) மேல மோதறார். எமீல் மாஸ் டிரைவர் பீரங்கி மேல நின்னு போறார். ஜூன் மட்டும் விஞ்ஞானி டாக்டர் ஹால்சியைக் கூட்டிட்டுப் போறார். கடைசில பில்லர் ஆஃப் ஆட்டம் மேல கிளம்புது, காம்பாட் எவால்வ்ட் அந்தக் கப்பல்லயே ஆரம்பிக்குது. இதை விட ஒட்டற ஜாயின்ட் கிடைக்குமா?

ஆட்டமாவும் புது ஆளுக்கு ரீச் இதமா இருக்கும். ஸ்பிரின்ட் (வேக ஓட்டம்), ஜெட்பேக், டிராப் ஷீல்டு எல்லாம் இருக்கு. 2010 கேம், 2001 கேமை விட கை பழக எளிது.

மயிலை_மாடத்தெரு

மேற்கோள்: ‘இதை விட ஒட்டற ஜாயின்ட் கிடைக்குமா?’

தேதிப்படி ஒட்டும், உணர்வுப்படி ஒட்டாது. ரீச்சின் இறுதிக் கட்டமே ஒரு பொதியைப் பெற்றுக் கப்பலில் சேர்ப்பதுதான். உள்ளே கோர்டானாவின் துண்டு. நோபிள் சிக்ஸுக்கு அந்தக் கப்பல் எங்கே போகும், என்ன கண்டுபிடிக்கும் என்று தெரியாது. தெரியாமலே அதற்காக நின்று சாகிறான். ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள ஹேலோ என்ற வளைய ஆயுதம், அதைக் காக்கிற ரோபோ கில்ட்டி ஸ்பார்க், ‘இந்த ஒன்றின் வீச்சு 25,000 ஒளியாண்டு, மற்றவையும் இயங்கினால் விண்மீன் மண்டலத்தில் உயிரே மிஞ்சாது’ என்று அது சாதாரணமாகச் சொல்லும் இடம், கோர்டானா அதற்குச் சற்று முன் கோபத்தில் வெடிப்பது. இதெல்லாம் மனதில் இருந்தால்தான் பில்லர் ஆஃப் ஆட்டம் கப்பல் மேலே எழும்பும்போது நெஞ்சு அடைக்கும். இல்லாவிட்டால் ஒரு கப்பல் புறப்படுகிறது, அவ்வளவே.

லோன் உல்ஃப் என்ற கடைசிப் பகுதியும் அப்படித்தான். ‘உயிரோடு இரு’ என்பது ஒன்றே கட்டளை, வெல்லும் வழி கிடையாது. ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விட்டுக்கொண்டே போகும். அதை எதற்காகச் செய்கிறோம் என்ற அறிவோடு ஆட வேண்டும்.

இன்னொன்று ஒலி. காம்பாட் எவால்வ்டில் கிரண்டுகள் ஆங்கிலத்தில் கூச்சல் போடும். ரீச்சில் கவனன்ட் பேச்சு எதுவும் நமக்குப் புரியாது. பழையதிலிருந்து ரீச்சுக்கு வந்தால் பழகின எதிரி திடீரென அந்நியனாகி அச்சம் தருவான். தலைகீழாகப் போனால் அச்சம் கலைந்துதான் போகும்.

கொளத்தூர்_நோபிள்

பேச்சு விஷயம் நல்ல பாயின்ட் அக்கா. கடைசி மிஷன் விஷயத்துல எனக்கு வேற எண்ணம்: தெரியாம ஆடறவனும் சிக்ஸ் மாதிரியே தெரியாம நிக்கறான், அதுவும் ஒரு அனுபவம்தான். அப்புறம் அடுத்த கேம்ல போய் ‘ஓ இதுக்காகத்தானா’ன்னு வரும்.

பெரம்பூர்_பிளாஸ்மா

கதைப் புள்ளி ஒண்ணு, ரீச்ல குழப்பம் ஏன் வருதுன்னு கேக்கறவங்களுக்காக. 2001ல கேமுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்த நாவல்ல ரீச் மேல தாக்குதல் ஆகஸ்ட் 30ல திடீர்னு நடக்குது, பில்லர் ஆஃப் ஆட்டம் கப்பல் விண்வெளில இருக்கு. 2010 கேம்ல ஒரு மாசத்துக்கு மேல சண்டை, கப்பல் தரைல கட்டுமானத் தளத்துல நிக்குது. கோர்டானா ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படின்னா, சிக்ஸ் தூக்கிட்டு வர்றது அவளோட ஒரு துண்டுதான், அதை வெச்சு ஒட்டிட்டாங்க. நாவல் படிச்சவங்க இன்னும் சமாதானம் ஆகல. எனக்கு கேம்ல வர்றதுதான் பிடிக்கும், மக்கள் வெளியேறறதைக் காட்ட அந்த ஒரு மாசம் தேவைப்படுது.

கிண்டி_கன்னர்

ஹேங்கர் தாண்டியாச்சு. கதவோரம், முதல்ல எலைட், அதேதான் வழி. எல்லாருக்கும் நன்றி. காம்பாட் எவால்வ்டையே தொடர்றேன், ரீச் அப்புறம்.

அடுத்து லைப்ரரி மிஷன் பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்க, அதுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. அப்புறம் லேப்டாப் ஒரு மணி நேரத்துல கொதிக்குது, பிரேம் விழுது. 20 வருஷத்துக்கு முந்தின கேமுக்கு இது ஏன்?

ரிச்சி_ஸ்ட்ரீட்

கேம் பழசா இருக்கறதாலதான் கொதிக்குது. பிரேம் ரேட் வரம்பு இல்லாம விட்டிருப்பீங்க, கார்டு எத்தனை பிரேம் முடியுமோ அத்தனையும் தள்ளிட்டு இருக்கும். வீடியோ செட்டிங்ஸ்ல பிரேம் ரேட்டை 60க்கு பூட்டுங்க. ஏப்ரல், மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல லேப்டாப் உள்ள இழுக்கற காத்தே சூடு, அது மேல கார்டை முழு வேகத்துல ஓட விட்டா வேகத்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் ஆகும். பின்பக்கம் ரெண்டு விரல் உயரம் தூக்கி வைங்க, மெத்தை மேல வைக்காதீங்க. அப்பவும் கொதிச்சா ஃபேன் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்தணும்.

டேப் கீ அடிச்சா பழைய கிராஃபிக்ஸுக்கும் 2011 ஆனிவர்சரி கிராஃபிக்ஸுக்கும் மாறும். லெஜன்ட்ரிக்குப் பழசுதான் பரிந்துரைப்பேன். புதுசுல மரம், பாறை எல்லாம் அழகா இருக்கும், ஆனா குண்டு மோதற எல்லை 2001ல இருந்ததுதான். சில இடத்துல கண்ணுக்கு இடைவெளியா தெரியற இடத்துல குண்டு நிக்கும். சதுப்பு நில மிஷனும் புதுசுல வெளிச்சமா ஆகி பயம் போயிடும்.

கரண்ட் கட் விஷயம்: நடு மிஷன்ல நிறுத்தணும்னா மெனுல சேவ் அண்ட் குவிட் கொடுத்து வெளிய வாங்க. செக்பாயின்ட் வந்துடுச்சேன்னு நம்பி அப்படியே ஆஃப் ஆனா மிஷன் முதல்ல இருந்து. டெஸ்க்டாப்ல ஆடறவங்க வீட்டு இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. சாதா மோடுல மாறற இடைவெளில பிசி ரீஸ்டார்ட் ஆயிடும்.

துணைக்கு ஆள் சேத்து ஆடறதா இருந்தா: காம்பாட் எவால்வ்ட்ல 2 பேர், ரீச்ல 4 பேர். பிசில ஸ்பிளிட் ஸ்க்ரீன் இல்ல. கேம்பெய்ன் கோ-ஆப்ல எல்லா மெஷினும் ஒரே அடில நடக்கற மாதிரி கட்டியிருக்காங்க, எல்லாரோட இன்புட்டும் வந்தாத்தான் அடுத்த அடி. அதனால ஒருத்தர் நெட் மெதுவா இருந்தா எல்லாருக்கும் கை தாமதம். அண்ணா நகர்ல இருந்து வேளச்சேரிக்கு ஆடினா உணரவே மாட்டீங்க. அமெரிக்கால இருக்கற நண்பரைச் சேத்தா உங்க மௌஸே தேன்ல விழுந்த மாதிரி நகரும். அப்ப சென்சிட்டிவிட்டியை மாத்திப் பலன் இல்ல, ஆளைத்தான் மாத்தணும்.

பெரம்பூர்_பிளாஸ்மா

லைப்ரரி. நீளம், ஒரே மாதிரி கூடம், அதான் பேர் கெட்டுப் போச்சு. ஆனா முறை தெரிஞ்சா ஒரு தாளம் வந்துடும்.

ஷாட்கன் முதல் ஆயுதம். 12 தோட்டா பிடிக்கும், ஒவ்வொண்ணா ஏறும், நடுவுல ட்ரிகர் அடிச்சா ரீலோட் நின்னு சுடும். அதனால காலி ஆகற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரெண்டு அடிச்சா ரெண்டு ஏத்துங்க. காலி துப்பாக்கியோட ரெண்டு பேர் நடுவுல மாட்டறதுதான் இங்க பாதிச் சாவு.

ரெண்டாவது கைக்கு அசால்ட் ரைஃபிள் அல்லது பிளாஸ்மா பிஸ்டல், சின்ன உருண்டை மாதிரி வர்ற ஃப்ளட்டுக்காக. அது ஒவ்வொண்ணும் ஒரே குண்டுல வெடிக்கும். ஷீல்டு முழுசா இருந்தா உங்க மேல மோதி அதுவே வெடிச்சுச் சாகும், கொஞ்சம் ஷீல்டு போகும். ஷீல்டு இல்லாதப்ப மொய்ச்சா உயிர்க் கட்டையைக் கடிக்கும், இந்த கேம்ல அது தானா ஏறாது, மெடிகிட் தேடணும். அதனால பெரியவனோட சண்டை முடிஞ்சு ஷீல்டு ஏறாம அடுத்த மூலைக்குத் திரும்பாதீங்க.

வீங்கிப் போய் தத்தித் தத்தி வர்ற கேரியர் வகை ஃப்ளட்டைத் தூரத்துலயே சுடுங்க. அது வெடிக்கும், பக்கத்துல இருக்கற ஃப்ளட்டையும் சேத்து எடுக்கும். கிட்ட வர விட்டு வெடிச்சா உங்க ஷீல்டும் போகும், உள்ள இருக்கற உருண்டைகளும் மேல பாயும். ரெண்டும் ஒண்ணா வந்தா லெஜன்ட்ரில மீட்சி இல்ல.

ராக்கெட் வெச்சிருக்கற ஃப்ளட்தான் உண்மையான எதிரி. நீள கூடத்துல நேரா நடந்தா எங்க இருந்தோ ஒண்ணு வந்து முடியும். சுவர் ஓரமா போங்க, தூணுக்குத் தூண் நகருங்க. அவனைப் பாத்துட்டா பின்வாங்கி மூலைக்கு வரவழைச்சு ஷாட்கன்ல முடிங்க. கிட்டத்துல அவன் ராக்கெட் விட்டா ரெண்டு பேரும் போவீங்க, அதனால மூலை திரும்பின உடனே முதல் அடி உங்களுதா இருக்கணும்.

செக்பாயின்ட் சும்மா வராது. சுத்தி எதிரி இருக்கும்போது, அடி வாங்கிட்டு இருக்கும்போது கேம் சேமிக்காது. கதவு திறக்க ஸ்பார்க் போயிருக்கும்போது வர்றவங்களை முழுசா முடிச்சு, ஷீல்டு ஏத்தி, சில நொடி அமைதியா நில்லுங்க. எழுத்து வந்ததும் நகருங்க.

தாம்பரம்_லோக்கல்

லைப்ரரிக்கு அப்புறம் டூ பிட்ரேயல்ஸ். அசால்ட் ஆன் த கன்ட்ரோல் ரூம்ல வந்த அதே பனி மலை வழியா தலைகீழா திரும்பறீங்க. மூணு பல்ஸ் ஜெனரேட்டரை நிறுத்தணும், அந்தக் கதிருக்குள்ள நடந்து போனா போதும், ஆனா உங்க ஷீல்டு சுத்தமா காலி ஆயிடும். அதனால அறையைச் சுத்தம் பண்ணாம உள்ள கால் வைக்காதீங்க. வழில கவனன்டும் ஃப்ளட்டும் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. இடைல புகாம மேல நின்னு பாருங்க, ஜெயிச்சவன் பாதி உயிர்ல இருப்பான், அவனை மட்டும் பாத்துக்குங்க. பான்ஷீ (கவனன்ட் பறக்கும் வண்டி) கிடைச்சா எடுத்துக்குங்க, தரைல நடந்தா குண்டு தாங்காது.

பழைய இடத்தையே திரும்பக் கொடுத்துட்டாங்கன்னு சிலர் குறை சொல்வாங்க. அடுத்த கீஸ் மிஷன்ல ட்ரூத் அண்ட் ரிகன்சிலியேஷன் கப்பல், கடைசி மிஷன் த மால பில்லர் ஆஃப் ஆட்டம். பத்து மிஷன்ல மூணு இடம் திரும்ப வருதுன்றது உண்மை. வேலையை மிச்சப்படுத்தவும் அது உதவியிருக்கும். ஆனா கீஸைக் காப்பாத்தப் போன அதே கப்பலுக்கு மறுபடி போய், அவர் ஃப்ளட்டோட சதைக்குள்ள கரைஞ்சு கிடக்கறதைப் பாக்கும்போது, வேற இடமா இருந்தா அந்தக் கனம் வராது.

மயிலை_மாடத்தெரு

முழுக்க உடன்படுகிறேன். 2025 அக்டோபரில் அறிவித்த மறு உருவாக்கத்தில் ஸ்பிரின்ட் சேர்க்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. இந்த ஆட்டத்தின் கூடங்கள் நடக்கும் வேகத்துக்கு அளந்து கட்டியவை. எலைட்டின் பாய்ச்சல், பச்சை உருண்டையின் வேகம், மறைவுக்கு மறைவு உள்ள தூரம் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து வைத்தது. ஓட முடிந்தால் தப்பான இடத்தில் நின்றதற்கு விலை குறைந்துவிடும். அந்தத் தூரங்களையும் மாற்றி அமைத்தால் சரியாகலாம்.

கொளத்தூர்_நோபிள்

ரீச்ல ஸ்பிரின்ட் எடுத்தா ஜெட்பேக் கிடையாது, ஒண்ணுதான் எடுக்க முடியும், அதனால அங்க சமநிலை இருக்கு. எல்லாருக்கும் எப்பவும் ஓட்டம்னா வேற கதைதான், அதை ஒத்துக்கறேன்.

கிண்டி, ரீச்சுக்கு வரும்போது ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. டிஎம்ஆர் ரைஃபிள்ல 15 குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் குறி வட்டம் விரியும், சுருங்கற வரைக்கும் காத்து அடிச்சாத்தான் தலைல படும். படபடன்னு அடிச்சா பாதி காத்துல போகும். நீடில் ரைஃபிள்ல ஷீல்டு இல்லாத உடம்புல 3 ஊசி சேந்தா வெடிக்கும், தலை தெரியாத நேரத்துக்கு அது உதவும். பச்சை உருண்டை உத்தி அங்கயும் செல்லும், ஆனா சார்ஜைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா பேட்டரி கரையும். எதிரியைப் பாத்த பிறகு பிடிங்க.

கிண்டி_கன்னர்

குறிச்சு வெச்சுட்டேன். த மா பத்தி மட்டும் கடைசியா ஒண்ணு. ரியாக்டர் அறைல என்ன செய்யணும்னு தெளிவா சொல்லலையாமே?

தாம்பரம்_லோக்கல்

மேல் தளத்துல இருக்கற கன்ட்ரோலை இயக்கினா ரியாக்டரோட போக்கு வாய் திறக்கும். அதுக்குள்ள ஒரு கிரனேட் அல்லது ஒரு ராக்கெட். இப்படி நாலு. ராக்கெட்னா எட்ட நின்னே விடலாம், உள்ள எட்டிப் பாக்கும்போது பின்னாடி இருந்து ஃப்ளட் அடிக்கறது மிச்சம். ராக்கெட் லாஞ்சர்ல ஒரு தடவைக்கு 2, அதனால ரெண்டு வாய்க்கு ஒரு ரீலோட்னு கணக்கு வெச்சுக்குங்க. கிரனேட்டை இந்த அறைக்கு முன்னாடியே தீர்த்துட்டு வராதீங்க.

அப்புறம் வார்ட்ஹாக் (ஜீப்) ஓட்டம், நேரம் ஓடிட்டு இருக்கும். ஃப்ளட்டையும் கவனன்டையும் சுட நிக்காதீங்க, யாரும் துரத்திப் பிடிக்க மாட்டாங்க. வண்டி கவிழ்றதுதான் நேரத்தைத் தின்னும். சரிவுல இறங்கும்போது ஹேண்ட்பிரேக் தொடாம ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிங்க. கவிழ்ந்துட்டா கிட்ட போய் ஆக்‌ஷன் பட்டனைப் பிடிச்சா நிமிரும், கைவிட வேண்டி வந்தா வழில வேற வார்ட்ஹாக் நிக்கும். பைலட் ஃபோஹாமர் பெலிக்கனோட வந்து ஏத்திக்கறேன்னு சொல்ற இடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க, அவங்களைச் சுட்டு வீழ்த்திடுவாங்க, காப்பாத்த வழியில்ல. கடைசில வண்டியை விட்டு இறங்கி லாங்ஸ்வோர்டு விமானத்துக்கு ஓடணும், அந்தத் தூரத்துக்கு ஷீல்டு முழுசா இருக்கற மாதிரி பாத்துக்குங்க.